ஒரு பிடியா, மிகுதியா?



ஒவ்வோர் ஆண்டும் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் நம் ஆஸ்பத்திரியிலிருந்து சபைகளுக்கு அனுப்பும் காணிக்கைக் கவரை நீங்கள் அறிவீர்கள். இடது பக்கத்தில் ஒரு நெற்கதிர்ப் படம். அதன் கீழே 72ஆம் சங்கீதம் 16ஆம் வசனம் என்ற குறிப்பும், மலையுச்சியில் ஒரு பிடி தானியம் என்ற வார்த்தைகளும். வருஷக்கணக்காக அதையே அச்சடித்து வருகிறோம். சென்ற ஆண்டு சுரண்டைப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து, பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா கவருக்குள் காணிக்கையோடு ஒரு சீட்டும் வைத்து அனுப்பியிருந்தார்கள். அவர்களுடைய மருமகள் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவர்களாம். அந்த வீட்டு வேதப்புத்தகத்தில் இந்த வசனத்தில் பிடியைக் காணோமாம். தானியம் மிகுதியாக விளைய வேண்டும் என்றுதான் இருக்கிறதாம். "பிடி என்றால் கொஞ்சம், மிகுதி என்றால் ஏராளம். இரண்டும் ஒரே வசனம் ஆவது எப்படி ஐயா? எதை நம்பி நான் கவரில் போடுவது?" என்று கேட்டிருந்தார்கள்.

கேள்வியின் கடைசி வரியைப் படித்து முதலில் சிரித்தோம். பிறகு அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல என்று தெரிந்தது. ஆகவே இந்த இதழில் ஆஸ்பத்திரிச் செய்திகளைச் சற்றுக் குறைத்துக்கொண்டு அந்த வசனத்தையே எடுத்துக்கொள்கிறோம்.

அந்த அம்மா கண்டது உண்மைதான். 1871இல் வெளிவந்த, ஹென்றி பவர் ஐயரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நம்முடைய பழைய திருப்புதலில் பிடி இருக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியத்தில் மிகுதி இருக்கிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். 1611ஆம் ஆண்டு ஜேம்ஸ் ராஜாவின் திருப்புதலில் பிடி. 1885இல் அதைத் திருத்தியவர்கள் மிகுதி என்று மாற்றிவிட்டுப் பிடியை ஓரக்குறிப்பில் வைத்தார்கள். மிகுதி என்பது ஏதோ புதிய காலத்தார் கண்டுபிடித்தது என்றும் சொல்ல முடியாது. லூத்தரின் ஜெர்மன் வேதாகமத்திலேயே மலைகளின்மேல் தானியம் அடர்த்தியாக நிற்கும் என்ற பொருள்தான் வருகிறது.

எபிரெயத்தில் அந்த இடத்தில் 'பிஸ்ஸத் பர்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'பர்' என்பது தானியம். அதில் தகராறு இல்லை. 'பிஸ்ஸா' என்ற சொல்லில்தான் சிக்கல். பழைய ஏற்பாடு முழுவதிலும் அது இந்த ஓர் இடத்தில் மட்டுமே வருகிறது. ஒரு சொல் பத்து இடங்களில் வந்தால் பத்தையும் ஒப்பிட்டுப் பொருள் கண்டுகொள்ளலாம். ஒரே இடத்தில் வந்தால், அதற்கு உறவான சொற்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. முன்பின் தெரியாத ஓர் ஆள் நம் ஊர்ச் சந்தையில் வந்து நின்றால், முகச்சாயலை வைத்து இன்னார் வீட்டுப் பிள்ளையோ என்று கேட்கிறோமே, அப்படித்தான்.

ஒரு சாரார் கண்ட முகச்சாயல் உள்ளங்கை. தானியேல் 5ஆம் அதிகாரத்தில் பெல்ஷாத்சாரின் அரமனைச் சுவரில் எழுதிய கையைச் சொல்லும் இடத்தில் 'பஸ்' என்ற அரமாயிக்குச் சொல் வருகிறது. அது கையின் பகுதி. ஆகவே பிஸ்ஸா என்பது கை நிறையக் கொள்ளும் அளவு, ஒரு பிடி என்றார்கள். மற்றவர்கள் பரவுதல், விரிதல் என்ற வேரிலிருந்து பிறந்த சொல் என்று எண்ணுகிறார்கள். லேவியராகமம் 13இல் சருமத்தில் நோய் படர்வதைச் சொல்லும் வார்த்தையோடு இதற்கு உறவு காண்பவர்களும் உண்டு. ஆஸ்பத்திரிக்காரர்களாகிய எங்களுக்குப் படர்தல் என்றாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் நல்லதும் படரும் அல்லவா? தானியம் நிலமெங்கும் படர்ந்து நிற்பதுதான் மிகுதி. கிரேக்கத்தில் செப்துவஜிந்த் திருப்புதல் செய்தவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, தாங்கி நிறுத்தும் ஆதாரம் என்று பொருள் கொண்டார்கள். அந்தக் காலத்திலேயே அந்தச் சொல் தெளிவாக இல்லை என்பது இதிலிருந்து புரிகிறது.

எது சரி? எங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறோம். ஒரு பிடி என்று சொல்ல எபிரெயத்தில் பழக்கமான வேறு சொற்கள் இருக்கின்றன. சாறிபாத் ஊர் விதவை தன் பானையில் இருந்த ஒரு பிடி மாவைப் பற்றி எலியாவிடம் சொன்னபோது 'காப்' என்ற சொல் வருகிறது. போஜன பலிக்கு ஆசாரியன் கைப்பிடி மாவை எடுக்கும்போது 'கோமெஸ்' என்று வருகிறது. சங்கீதக்காரன் ஒரு பிடி என்றுதான் சொல்ல நினைத்திருந்தால் அந்தச் சொற்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. மேலும் நம் தமிழில் அந்தப் பிடி தானியம் விதைக்கப்படுவதாக வருகிறது. எபிரெயத்தில் விதைத்தல் என்ற சொல்லே அங்கே இல்லை. 'இருப்பதாக' என்பது மட்டுமே உண்டு. ஆகையால் மிகுதி என்பதே மூலத்துக்குக் கிட்ட இருக்கிறது. நம் காணிக்கைக் கவரில் இத்தனை வருஷமாக அச்சடித்த பிடி, அநேகமாகப் பிழை.

இதைச் சொல்ல எங்களுக்குச் சற்றுக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஏனென்றால் பிடி என்ற சொல் நம் சபைகளில் வெறும் அச்செழுத்து அல்ல. உலையில் அரிசி இடுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்த பாட்டிமார்களை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, நம் ஜனங்களின் பணத்தாலேயே நம் ஆள்களை அனுப்புவது என்று முடிவு செய்தார்களே, அந்தத் துணிவுக்குப் பின்னால் இப்படிப்பட்ட வீடுகள்தான் இருந்தன. வெகு தூரத்தில் மிசோராம் மலைநாட்டிலும் இதே வழக்கம் உண்டு. அங்குள்ள பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை, அந்தச் சபையின் ஊழியத்தைத் தாங்கும் பெரிய வருமானங்களில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. ஆகவே பிடி அரிசியை யாரும் நிறுத்திவிட வேண்டாம். அதற்கு ஆதாரமான வசனங்கள் வேறு இருக்கின்றன. சாறிபாத் விதவையின் வீடு ஒன்றே போதும்.

இனி அந்த மலையுச்சிக்கு வருவோம். வசனத்தின் வியப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். பிடியா மிகுதியா என்ற வழக்கில் நாம் அதைக் கவனிக்காமல் போகிறோம்.

தென்காசியில் நின்று மேற்கே பார்க்கிறவர்களுக்கு மலை என்றால் குற்றாலம். அந்த மலைமேல் யாராவது நெல் விளையுமா என்று கேட்டால் சிரிப்பார்கள். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கும்பெனியார் அங்கே கிராம்பும் ஜாதிக்காயும் பயிர் செய்து பார்த்தார்கள். இன்றும் சீசனில் அருவிக்குப் போகிறவர்கள் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குகிறார்கள். பழைய நாள்களில் மலைச்சரிவுகளில் தினை தூவினார்கள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வருகிற மலைவளமும் கனியும் தேனும் கிழங்குமாகத்தான் இருக்கிறது. வயல் என்றால் அது கீழே, இலஞ்சி, மேலகரம், ஆய்க்குடி பக்கம். மலையுச்சி நமக்கு விளைவித்துத் தருவது ஒன்றே ஒன்று, அது தண்ணீர். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து ஆனி ஆடியில் சாரலாகத் தூவுகிறது. அருவிகளின் தண்ணீர் சித்தாறாகிக் கால்வாயில் இறங்கிக் குளங்களை நிரப்புகிறது. அதை நம்பிக் கார் சாகுபடி. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்த பிறகு பிசானம். சித்தாறு அதோடு நிற்காமல் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, கீழே உள்ளவர்களுக்கும் பங்கு கொடுத்துவிட்டுப் போகிறது.

யூதேயா மலைநாடு இப்படி அல்ல. அங்கே சித்தாறும் இல்லை, குளத்துப் பாசனமும் இல்லை. சுண்ணாம்புப் பாறை மலைகள். மண் ஒரு முழம் இருந்தால் அதிகம். கல்லை அடுக்கிப் படிப்படியாகத் தட்டு கட்டி, அதில் நின்ற மண்ணில் விதைத்தார்கள். சித்திரைக் கடைசி முதல் புரட்டாசி வரை வானத்திலிருந்து ஒரு துளி விழாது. ஐப்பசியை ஒட்டி முன்மாரி வந்து, இறுகிய நிலம் இளகிய பிறகுதான் ஏர் பூட்ட முடியும். பின்மாரி தவறினால் கதிர் பால் பிடிக்காது. 1908இல் கேசேர் என்ற பழைய பட்டணத்தில் ஒரு சிறு சுண்ணாம்புக் கல் கண்டெடுக்கப்பட்டது. சாலொமோன் காலத்தை ஒட்டியது என்று கருதப்படும் அந்தக் கல்லில் ஒருவர் வருஷத்தின் வேலைகளை எழுதி வைத்திருக்கிறார். சேர்ப்புக்கு இரண்டு மாதம், விதைப்புக்கு இரண்டு மாதம், பின்விதைப்புக்கு இரண்டு மாதம், சணல் வெட்ட ஒரு மாதம், வாற்கோதுமை அறுக்க ஒரு மாதம் என்று போகிறது. ராஜாவின் பெயர் இல்லை, யுத்தம் இல்லை. பயிர்தான் அவர்களுக்குக் காலண்டர். உபாகமம் 11ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது. எகிப்தில் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோல் காலால் தண்ணீர் பாய்ச்சினீர்கள், நீங்கள் போகிற தேசமோ வானத்து மழையைக் குடிக்கிற தேசம் என்பதுதான் அதன் கருத்து.

அப்படிப்பட்ட நாட்டில் தானியம் விளைவது பள்ளத்தாக்கில். உச்சிக்குப் போகப் போக மண் மெலியும், காற்று அறையும், விளைச்சல் கையில் பிடிபடாது. சங்கீதக்காரன் கேட்பது அந்த உச்சியிலும் கதிர் அடர்ந்து நிற்க வேண்டும் என்று. நின்று, லீபனோன் மலையின் கேதுரு வனம்போல அசைய வேண்டும் என்கிறான். அங்கே வரும் எபிரெயச் சொல் பூமி அதிர்ச்சிக்கும் வரும் சொல். பார்க்கிற அழகு மாத்திரமல்ல, காதில் விழுகிற இரைச்சலும் அதில் உண்டு. சாரல் காலத்தில் இலஞ்சிப் பக்கம் வயல்வரப்பில் நின்றவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும். காற்று கணவாயிலிருந்து இறங்கி வரும்போது பயிர் முழுவதும் ஒரே உடம்பாகச் சாய்ந்து எழும்.

இந்த உச்சியில் நின்று, யாருடைய நிலம் உச்சியில் இருக்கும் என்று கேட்டுப் பார்த்தோம். வேதம் இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. ஆனால் வயலோடு வயலைச் சேர்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி ஏசாயா 5இல் வருகிறது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்பதும் நமக்குத் தெரியும். நல்ல நிலம் எப்போதும் கை வலுத்தவனிடம் போய்ச் சேரும். மிச்சமானவன் மேட்டுக்குப் போவான். இது இந்த ஊரிலும் உள்ளதுதான். ஆகவே உச்சியிலும் தானியம் மிகுதியாக இருப்பதாக என்ற ஜெபத்தில், கடைசி மனுஷனுக்கும் எட்டும்படி இருப்பதாக என்பதும் அடங்கியிருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அப்படித் தோன்றுவதற்கு ஆதாரம் அதே சங்கீதத்தில் சற்று மேலே இருக்கிறது. 12 முதல் 14 வரையுள்ள வசனங்களைத் தயவுசெய்து எடுத்து வாசியுங்கள். கூப்பிடுகிற எளியவனையும் உதவி செய்வாரில்லாத சிறுமையானவனையும் ராஜா விடுவிப்பதைப் பற்றி அங்கே வருகிறது. அவர்களுடைய இரத்தம் ராஜாவின் கண்ணில் விலையுயர்ந்ததாக இருக்குமாம். அதற்குப் பிறகே பயிர் வருகிறது. முதலில் களஞ்சியம் நிறையட்டும், மிஞ்சியதில் ஏழைக்குக் கொடுப்போம் என்ற வரிசை இந்தச் சங்கீதத்தில் இல்லை. முதலில் ஏழையின் வழக்கு. அது நேரானால் மழை, மலை, பயிர், பட்டணம் எல்லாம் தன் தன் வேலையைச் செய்யும். ஐசக் வாட்ஸ் 1719இல் இந்தச் சங்கீதத்தைக் கிறிஸ்துவின் ராஜ்யத்துக்கு உரியதாக வைத்துப் பாடல் செய்தார். மிஷனெரிக் கூட்டங்களில் அதைப் பாடிப் பாடி, நாம் ராஜ்யத்தின் எல்லைகளை நினைத்துக்கொண்ட அளவுக்கு இந்த மூன்று வசனங்களை நினைத்துக்கொள்ளவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது.

சங்கீதத்தின் தலைப்பில் இருப்பது சாலொமோனின் பெயர். அவருடைய அரமனைக்கு ஒரு நாளைக்கு 30 மரக்கால் மெல்லிய மாவும் 60 மரக்கால் மாவும் செலவானது என்று 1 இராஜாக்கள் 4இல் கணக்கு இருக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே லீபனோனில் மரம் வெட்ட 30,000 பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்தார். அவர் மகன் காலத்தில் ஜனங்கள் வந்து, உம்முடைய தகப்பன் வைத்த நுகம் பாரமாயிருந்தது என்று முறையிட்டார்கள். தேசத்தில் தானியத்துக்குக் குறைவில்லை, உண்டாக்கினவன் முதுகுதான் ஒடிந்தது.

அந்தப் 'பர்' என்ற சொல்லையே தொடர்ந்து போனாலும் இதே இடத்தில் போய் நிற்கிறோம். அது வயலில் நிற்கும் பயிரைக் காட்டிலும், அடித்துத் தூற்றிச் சுத்தமாக்கிய தானியத்துக்கே அதிகம் பொருந்தும் சொல். எரேமியா 23இல் வைக்கோலுக்கு எதிராக அது நிற்கிறது. யோசேப்பு கடற்கரை மணலைப்போல் சேர்த்து வைத்தது 'பர்'தான். அந்தத் தானியத்தால் ஜனங்கள் பிழைத்தார்கள், உண்மை. ஆனால் ஆதியாகமம் 47ஐ முழுவதும் வாசித்தால், பஞ்சம் தீருவதற்குள் அவர்களுடைய பணமும் ஆடுமாடும் நிலமும் பார்வோனுடையதாகிவிட்டன. நீதிமொழிகள் 11இல் தானியத்தைக் கட்டிவைக்கிறவனை ஜனங்கள் சபிப்பார்கள் என்று வரும் இடத்திலும் அதே சொல். ஆமோஸ் 8இல் ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று காத்திருக்கும் வியாபாரிகள் விற்பதும் அதே 'பர்'. மரக்காலைக் குறைத்து, தராசைக் கள்ளமாக்கி, சண்டும் பதரும் கலந்து விற்றார்கள். ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு வாங்கினார்கள். ஆக, வேதத்தில் தானியம் மிகுதியாக இருந்த எல்லா இடத்திலும் ஆசீர்வாதம் இருந்தது என்று சொல்ல வழியில்லை.

இதெல்லாம் நம் ஊராருக்குப் புதிதல்ல. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். விளைச்சல் அமோகமாக இருந்ததால்தான் விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடத் தேறாது என்று செடியிலேயே விட்டவர்களையும், சாலையோரம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு போனவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்த வாரங்களில் நம் வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் குறையும். வியாதி குறைந்ததனால் அல்ல, பஸ்ஸுக்குக் காசில்லாததனால். மிகுதி என்பது ஒரு குடும்பத்தை ஆஸ்பத்திரிக்கு வரவிடாமலும் செய்யும்.

நெல் அறுப்பிலும் ஒரு காரியம் இருக்கிறது. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், உங்கள் சபைகளில் சொல்வதற்கும் உதவும். அறுப்பு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் கண் பிரிவுக்கு வருகிறவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். கதிர் அடிக்கும்போதோ தூற்றும்போதோ உமியோ வைக்கோல் நுனியோ கண்ணில் பட்டது. அறுவடை இயந்திரம் வந்த பிறகும் தூசி பறக்கத்தான் செய்கிறது. கண்ணைத் தேய்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள், அன்றைய கூலியை விட முடியாது. மறுநாள் உறுத்தலும் சிவப்பும். தாய்ப்பால் விட்டார்கள், நந்தியாவட்டைச் சாறு பிழிந்தார்கள். பிறகு மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு வடிந்து குணமானதுபோல் தோன்றும். உள்ளே பூஞ்சைக்கு அது தீனி. கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்து, பார்வை மங்கிய பிறகு பஸ் ஏறுகிறார்கள். அதன்பின் நேட்டமைசின் சொட்டு மருந்தை முதல் நாள்களில் மணிக்கொரு தரம், இரவிலும் எழுப்பி, வாரக்கணக்கில் விட வேண்டும். கண் தப்பினாலும் பலருக்குத் தழும்பு நின்றுவிடுகிறது. தழும்பு கருவிழியின் நடுவில் நின்றால், கருவிழி மாற்று அறுவை செய்யாமல் பார்வை திரும்பாது.

தூற்றிச் சுத்தமாக்கின தானியம் நம் வீட்டுப் பானைக்கு வருகிறது. தூற்றினவருடைய கண்ணில் அதன் உமி. 'பர்' என்ற சொல்லைப் படித்தபோது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கண்கள்தான்.

இதற்குத் தடுப்பு உண்டு, அதுவும் சிறிய தடுப்பு. நேபாளத்தில் பக்தபூர் என்ற பகுதியில் கிராமத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கருவிழியில் கீறல் பட்டவர்களுக்குக் குளோரம்பெனிகால் கண் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று முறை, மூன்று நாள் இடச் செய்தார்கள். அந்த ஆய்வு 2001இல் வெளியானது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு இட்டவர்களில் ஒருவருக்கும் கருவிழிப் புண் வரவில்லை. தாமதம் ஆக ஆகப் புண் வருவது கூடிக்கொண்டே போனது. நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதுபோலச் செய்து பார்த்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஒரு சிறு டியூப் களிம்பு, வேளையோடு, அடுத்த தெருவில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரி எத்தனை செய்தாலும் அந்தக் களிம்பின் வேலையைச் செய்ய முடியாது.

இப்போது அந்த அம்மாவின் கடைசிக் கேள்வி. எதை நம்பிக் கவரில் போடுவது?

இதில் எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நெற்கதிர்ப் படத்தின் கீழே ஒரு பிடி என்று அச்சடித்து அனுப்பியபோது, நாங்கள் வாயால் சொல்லாத ஒன்றை அந்தக் கவர் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பிடி போடுங்கள், லீபனோனைப்போலத் திரும்ப வரும் என்பதுதான் அது. சிலர் அப்படியே எண்ணிக் கொடுத்தும் இருக்கிறார்கள். மகனுக்கு வேலை கிடைக்க, நிலத்து வழக்கு ஜெயிக்க என்று கவரின் பின்புறம் எழுதி வருவதைக் கண்டிருக்கிறோம். அவர்களுக்காக ஜெபிக்கிறோம், இனிமேலும் ஜெபிப்போம். ஆனால் இந்த வசனத்தை அதற்குச் சாட்சியாக நிறுத்த முடியாது. எபிரெயத்தில் அந்த வசனத்தைத் தொடங்குகிற 'யெஹி' என்ற சொல், ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் வெளிச்சத்தைக் குறித்துத் தேவன் சொன்ன அதே வடிவம். தேவன் சொல்லும்போது அது கட்டளை, மனுஷன் சொல்லும்போது விண்ணப்பம். சங்கீதக்காரன் வருமானத்துக்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை. அப்படி இருப்பதாக என்று கெஞ்சுகிறான். கேட்பதும் தன் களஞ்சியத்துக்காக அல்ல. வசனத்தின் முடிவில் புல்லைப்போலத் தழைப்பவர்கள் பட்டணத்து ஜனங்கள், விதை கொடுத்தவர் எங்கும் வரவில்லை.

ஆகவே அம்மா, நீங்கள் போட்ட காணிக்கைக்கு என்ன திரும்ப வரும் என்று எங்களால் எழுதித்தர முடியவில்லை. அது எங்கே போகும் என்று மாத்திரம் சொல்ல முடியும். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையிலிருந்து ஒரு பங்கை எடுத்துக் கண் களிம்பு வாங்கிச் சபைகளுக்குக் கொடுக்கவும், சபைக்கு இரண்டு பெண்களுக்குக் கண் பிரிவில் ஒரு நாள் பயிற்சி கொடுக்கவும் முடிவு செய்திருக்கிறோம். அடிபட்ட கண்ணில் பச்சிலைச் சாறு விடாதிருப்பது, கடையில் வாங்கிய எந்தச் சொட்டு மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் போடாதிருப்பது, கருவிழியில் வெள்ளை கண்டால் அன்றைக்கே புறப்படுவது ஆகியவை அந்தப் பயிற்சியில் சொல்லப்படும். கண் நோய்க்காக வரும் கூலி வேலைக்காரர்களுக்குப் பஸ் செலவையும் அந்தப் பங்கிலிருந்தே கொடுப்போம்.

இந்த ஆண்டுக் கவரில் நெற்கதிர்ப் படம் அப்படியே இருக்கும். கீழே இருந்த வார்த்தைகளை எடுத்துவிட்டு, சங்கீதம் 72, 12 முதல் 16 வரை என்று மட்டும் போட்டிருக்கிறோம். வீட்டில் எந்தத் திருப்புதல் இருக்கிறதோ அதை எடுத்து எல்லோருமாக வாசித்துக்கொள்ளலாம். கவரோடு கண் பாதுகாப்புப் பற்றிய சீட்டு ஒன்றும் வரும். அதைக் கோயில் வாசலில் மட்டுமல்ல, நெல் களத்துக்குப் போகிற வழியில் உள்ள டீக்கடையிலும் ஒட்டச் சொல்லுங்கள். பயிற்சிக்கு வருகிறவர்களின் பெயர்களைச் சபை ஊழியர் மூலம் தை மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். மாசியில் பிசான அறுப்பு தொடங்கிவிடும்.